மண் சரியுமுன் கணக்கெழுதுவோம்

கடலை அடுத்த குடிகாட்டிலும் அதன் சுற்றுப்புறத்து ஊர்களிலும் வாழும் அங்கத்தினர்கள், நிலச்சரிவைப் பற்றிய கட்டுரை ஒன்றை இவ்விதழில் கண்டால், "நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று வினவுதல் இயல்பே. நமது வட்டாரத்தில் வானளாவிய மலைகள் இல்லை. புயலும் வெள்ளமுமே நமக்குப் பழகிய பகைவர்கள். நிலச்சரிவோ நீலகிரியிலும் வயநாட்டிலும் இலங்கையின் மலைநாட்டிலும் நிகழ்வது. ஆயினும் அவ்விடங்களில் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று, கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றுக்கும் பொருந்துவதாய் இருக்கிறது. ஓர் ஆபத்து நேரக்கூடும் என்று அறிந்திருந்தும் அதனைக் கணக்கில் ஏற்றாமல் விட்டால், அதன் செலவு மறைந்துபோவதில்லை. நம்மில் மிக எளியவர் எவரோ அவர் தலையில் அது முழுவதும் விழுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மழை, இருவகைச் சேதம்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதற்கடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். மேற்கே பெய்த இம்மழை தென்பெண்ணையில் இறங்கியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அவ்வெள்ளம் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளையும் வயல்களையும் மூழ்கடித்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

அதே புயல், அதே மழை, டிசம்பர் 1-ஆம் நாள் மாலையில் திருவண்ணாமலை மலையின் ஒரு பகுதியைச் சரித்தது. வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீடு ஒன்றின்மீது மண்ணும் பாறையும் விழுந்து, ஐந்து சிறுவர் உட்பட ஏழு பேர் மாண்டனர். அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்தன்று, புவியியல் வல்லுநர்களின் ஆய்வுக்குப் பின்னர், பக்தர்கள் மலையேறுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. மேட்டில் சரிவாகவும் பள்ளத்தில் வெள்ளமாகவும் நின்றது ஒரே மழைதான் என்பதை அங்கத்தினர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

நமது மண்ணிலும் இதன் சாயல் உண்டு. குடிகாட்டிற்கு அண்மையிலுள்ள கேப்பர் மலையும், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேடுகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. புவியியலார் இவ்வகைப் பாறைக்குக் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர் வழங்கியுள்ளனர். இது கருங்கல்லைப் போல் உறுதியானதன்று. மேற்பரப்பில் தளர்ந்து, நீரோட்டத்தில் எளிதில் கரையக்கூடியது. 2015 நவம்பர் 9-ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் நெய்வேலியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் பெய்தபோது, பண்ருட்டி வட்டத்து விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடைகள் காட்டாறாக மாறின. மேட்டு மண் வெள்ளத்தோடு இறங்கி வீடுகளை அழித்தது, விளைநிலங்களில் மணலாய்ப் படிந்தது, உயிர்களையும் கவர்ந்தது. அதனை நிலச்சரிவு என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் மேட்டு மண் இடம் பெயர்ந்து பள்ளத்தில் வாழ்பவனின் வாழ்வை மூடியது என்ற அளவில், இரண்டும் உடன்பிறப்புகளே.

மண் ஏன் சரிகிறது?

சரிவான நிலத்தில் மண்ணைக் கீழ்நோக்கி இழுப்பது அதன் எடை. அதனைப் பிடித்து நிறுத்துபவை துகள்களுக்கிடையேயுள்ள உராய்வும் ஒட்டுதலும், மரஞ்செடிகளின் வேர்ப்பின்னலும். மழை நாள்கணக்கில் நீடிக்கும்போது நீர் உள்ளிறங்கி, அடியிலுள்ள பாறையைத் தொட்டு அங்கே தேங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது. துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறுவதால் உராய்வு குறைகிறது. இழுக்கும் விசை பிடிக்கும் விசையை விஞ்சும் கணத்தில் சரிவு உண்டாகிறது.

மழை உடனடிக் காரணமே. அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஆயத்தம் நடந்திருக்கும். சாலைக்காகவும் வீட்டிற்காகவும் சரிவின் அடியை வெட்டுதல், ஓடைகளை அடைத்து அவற்றின்மேல் கட்டடம் எழுப்புதல், ஆழ வேரூன்றிய சோலை மரங்களை நீக்கி மேலோட்டமான வேருடைய பயிர்களை வைத்தல், மழைநீருக்கும் கழிவுநீருக்கும் வடிகால் அமைக்காமல் மண்ணுக்குள்ளேயே இறங்கவிடுதல் ஆகியவை அவ்வாயத்தத்தின் பகுதிகள். ஆகவே நிலச்சரிவை முழுவதும் இயற்கையின் செயல் என்று கூறித் தப்பித்துக்கொள்ள இயலாது.

சரிவு பெரும்பாலும் அறிகுறி காட்டியே வருகிறது. நிலத்தில் புதிய வெடிப்புகள் தோன்றும். நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாயும். கதவும் சன்னலும் திடீரென இறுகி மூடாது போகும். தெளிந்த ஊற்று கலங்கும். அல்லது ஓடிக்கொண்டிருந்த ஓடை மழைக்காலத்திலேயே நின்றுபோகும். மலைவாழ் மக்கள் இவற்றை அறிவர். அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதி வைப்பவர்களே குறைவு.

ஆபத்தை அளப்பது எங்ஙனம்?

ஆபத்தை அளக்க மூன்று கேள்விகள் போதும். முதலாவது, இவ்விடத்தில் மண் சரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? இரண்டாவது, சரிந்தால் அதன் பாதையில் யாரும் எவையும் இருக்கின்றன? மூன்றாவது, அங்கிருப்பவை அந்த அடியைத் தாங்குமா? இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். ஆளில்லாக் காட்டில் மலையே சரிந்தாலும் சங்கத்திற்கு நட்டமில்லை. சிறு சரிவாயினும் அதன் கீழே மண்சுவர் வீடுகள் நாற்பது இருப்பின் பேரிழப்பு நேரும்.

முதற்கேள்விக்கு அரசின் அறிவியல் நிறுவனங்கள் ஓரளவு விடை தந்துள்ளன. நமது நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12.6 சதவீதம் நிலச்சரிவுக்கு இடமாகக்கூடியது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கணக்கிட்டுள்ளது. விண்வெளித்துறையின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபட நூல், 1998 முதல் 2022 வரை நிகழ்ந்த ஏறத்தாழ 80,000 சரிவுகளை 17 மாநிலங்களிலும் 2 ஒன்றியப் பகுதிகளிலும் குறித்துக் காட்டுகிறது. நீலகிரி மாவட்டத்தில் மட்டும் 283 இடங்கள் அபாயமுடையவை என இனங்காணப்பட்டுள்ளன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்து, அம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. 2020 முதல் நீலகிரிக்கு மழைக்கால நிலச்சரிவு முன்னறிவிப்பு ஆய்வு முறையில் வழங்கப்பட்டு வந்தது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது.

இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுமக்களுக்கு எளிய அளவுகோல் ஒன்றைக் கூறிவருகிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரை விஞ்சினால் விழிப்பாயிருத்தல். 100 மில்லிமீட்டரை விஞ்சினால் புறப்பட ஆயத்தமாதல். 150 மில்லிமீட்டரை விஞ்சினால் அபாயச் சரிவினின்று வெளியேறுதல். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மழைமானியை வைத்துக்கொண்டு இதனைப் பின்பற்றலாம். வயநாட்டிலும் ஹியூம் மையம் என்னும் அமைப்பு, தோட்டக்காரர்களையும் குடியானவர்களையும் கொண்டு பல இடங்களில் மழைமானிகளை வைத்து அளந்து வருகிறது. 2024 ஜூலை 30-ஆம் நாள் முண்டக்கை, சூரல்மலைச் சரிவுக்கு முந்திய நாளே அம்மையம் அபாயத்தைச் சுட்டிக்காட்டியது. அளவு இருந்தது, அந்த அளவைக் கேட்டு மக்களை இரவோடிரவாக நகர்த்தும் ஏற்பாடு ஈடுகொடுக்கவில்லை.

நட்டக் கணக்கின் மூன்று பத்திகள்

இனி, பொருளாதார நட்டத்தைக் காண்போம். சேதம் நேர்ந்தவுடன் எழுதப்படும் பட்டியலில் இடிந்த வீடுகள், சிதைந்த சாலைகள், அழிந்த பயிர், மாண்ட கால்நடை ஆகியவை இடம்பெறும். இது முதற்பத்தி; கண்ணுக்குத் தெரிவது. பின்தொடரும் நட்டம் இரண்டாம் பத்தி. சாலை மூடப்பட்டதால் சந்தைக்குப் போகாத காய்கறி, வேலையின்றிக் கழிந்த கூலி நாள்கள், சுற்றுவழியில் கொடுத்த மிகை வாடகை, மருத்துவச் செலவு, தவணை தவறிய கடன் ஆகியவை அதிலடங்கும். மூன்றாம் பத்தி பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. மேல்மண் போனதால் ஆண்டுதோறும் குறையும் விளைச்சல், விலைபோகாத நிலம், ஊரைவிட்டுச் சென்ற இளைஞர், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் ஆகியவை அங்கே எழுதத்தக்கவை.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு மலைக்கிராமத்தின் சாலையில் மண் சரிகிறது. மண்ணை அகற்றித் தடுப்புச்சுவர் எழுப்ப 5,00,000 ரூபாய் ஆகிறது. வேலை முடிய 60 நாள். அச்சாலை வழியே நாள்தோறும் 10 பாரம் காய்கறி சந்தைக்குப் போவது வழக்கம். சுற்றுவழியில் செல்வதால் பாரம் ஒன்றுக்கு 3,000 ரூபாய் மிகைச் செலவாகிறது. 60 நாள் கணக்கில் அது 18,00,000 ரூபாய். மண் அகற்றிய செலவு அரசின் கணக்கில் ஏறியது; அதைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான தொகை குடியானவனின் கணக்கில் யாரும் அறியாமல் ஏறியது. முதற்பத்தியை மட்டும் பார்ப்பவர், "சிறு சரிவு" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவர்.

உயிருக்கு விலை கூறுதல் ஆகாது. நாமும் கூறப் புகவில்லை. எனினும் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். உயிரைக் காக்கும் ஏற்பாட்டிற்குப் பணம் கேட்கும்பொழுதெல்லாம் "இவ்வளவு செலவா?" என்ற கேள்வி எழுகிறது. மற்ற நட்டங்களை முறையாக எழுதி வைத்திருந்தால், அச்செலவு அந்நட்டங்களைத் தவிர்ப்பதாலேயே பெரும்பாலும் ஈடாகிவிடும் என்பது தெரியவரும். உயிர் காத்தலைச் செலவென்று சொல்ல எவரும் துணியார்.

சுமை யார் தலையில்?

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அருகே இராசமலையிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்க் குடும்பங்கள். பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் இலங்கை பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவையும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்களே. அவ்விடம் அபாயமுடையது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சரிவின் கீழே வாழ்ந்தவர் அவ்விடத்தைத் தாமே தேர்ந்தவரல்லர், வீடு அவர்களுடையதன்று, மாற்றிடம் கேட்டுப் பெறும் வலிமையும் அவர்களுக்கில்லை. மலையின் வருவாய் ஒருபுறம் சென்றது. மலையின் ஆபத்து மறுபுறம் தங்கிற்று. கணக்கில் ஏறாத ஆபத்து எளியவர் தலையில் விழும் என்று நாம் மேலே கூறியதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வயநாட்டுச் சரிவில் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 300 பேர் என்று அரசு கணக்கிட்டது. மீட்டெடுப்பதற்கான தேவை 2,221 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அப்பகுதியில் 1984-இலும் 2019-இலும் ஏற்கெனவே சரிவுகள் நேர்ந்து உயிர்கள் போயிருந்தன. அங்கே கூட்டுறவாளர் அனைவரும் எண்ணிப்பார்க்கத்தக்க செயலொன்று நடந்தது. மாநிலக் கூட்டுறவு வங்கியான கேரள வங்கி, தனது சூரல்மலைக் கிளையில் கடன்பெற்று மாண்டவர்களின் கடன்களையும், ஈடு வைத்த வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்களின் கடன்களையும் தள்ளுபடி செய்வதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது. போற்றத்தக்க செயல், கூட்டுறவு என்ற சொல்லுக்கு ஏற்ற செயல். ஆனால் ஈடாக வைத்த நிலமே ஆற்றோடு போய்விட்டால் பத்திரத்தின் மதிப்பு என்ன? அந்நிலத்தின்மேல் கடன் கொடுத்த நாளில் சரிவின் ஆபத்தையும் எழுதியிருந்தால் என்ன? தள்ளுபடி செய்த தொகை வானத்திலிருந்து வருவதன்று. மற்ற அங்கத்தினரின் பொதுச்சொத்திலிருந்தே வருவது. ஆதலின் ஒருவருடைய நிலத்தின் ஆபத்தை முன்கூட்டி அறிதல் சங்கத்தார் அனைவருடைய நலனையும் சார்ந்தது.

நிவாரணமும் உண்மை நட்டமும்

"அரசு நிவாரணம் தருமே" என்று சிலர் கூறக்கூடும். நிவாரணம் இன்றியமையாதது, ஆனால் அது நட்டத்திற்கு ஈடாவதன்று. 2022-23 முதல் 2025-26 வரையிலான பேரிடர் நிவாரண நெறிமுறைகளின்படி, நிலச்சரிவினாலோ ஆறு திசைமாறியதாலோ நிலத்தின் பெரும்பகுதியை இழந்த சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய்; அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 19,000 ரூபாய். வயலில் படிந்த மணலை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். நெசவாளருக்குச் சேதமுற்ற கருவிக்கென 5,000 ரூபாயும், மூலப்பொருளுக்கும் முடியாத சரக்குக்குமென 5,000 ரூபாயும். இத்தொகையில் ஏக்கர் நிலத்தைத் திரும்ப வாங்கமுடியுமா என்பதை அங்கத்தினரே தீர்மானிக்கலாம். தவிரவும், நின்றுபோன கூலி நாள்கள் கருவி, மூலப்பொருள் என்ற இவ்விரண்டு தலைப்புகளிலும் அடங்கா.

பயிருக்குக் காப்பீடு உண்டு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஓரிடத்து இன்னல்கள் என்ற பிரிவில் நிலச்சரிவும் சேர்க்கப்பட்டுள்ளது. அத்தகைய சேதத்தில் கிராமச் சராசரி பார்க்கப்படாமல் தனி வயலே பார்வையிடப்படும். காரிப் பருவ உணவுப்பயிருக்கு 2 சதவீதமும், ராபிப் பருவத்துக்கு 1.5 சதவீதமும், வாணிபப் பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் 5 சதவீதமும் விவசாயி செலுத்துவதற்கு உச்சவரம்பு. சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மின்சாரமும் சாலையும் அற்ற மூன்று நாள்களில் தனி விவசாயி இதனைச் செய்தல் அரிது. சங்கத்தின் காரியதரிசி, அங்கத்தினர் வாரியாகப் புல எண்ணும் பயிரும் எழுதிய பட்டியலை முன்பே வைத்திருந்தால், அந்த 72 மணி நேரம் போதுமானதாகும்.

நமது தறிக்கூடத்திற்கு ஒரு கணக்கு

மலையில் கற்ற கணக்கை நமது ஊருக்குக் கொண்டுவருவோம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வீசி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் பெருவெள்ளம். 2020 டிசம்பரில் புரெவிப் புயலின் மழையால் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளும் நீர் புகுந்தது. 2024-இல் பெஞ்சல். 14 ஆண்டுகளில் நான்கு பேரிடர்களை இம்மாவட்டம் கண்டது. எனவே ஒரு தறிக்கூடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெள்ளத்தில் மூழ்கும் என்று கொள்வது மிகையன்று.

நாற்பது குழித்தறிகள் உள்ள ஒரு சங்கத்தை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் நெசவாளன் கால் வைக்கும் குழியில்தான் நீர் முதலில் நிற்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஒரு வெள்ளத்தில் தறி ஒன்றுக்கு, மரச்சட்டமும் விழுதும் பழுதுபார்க்க 4,000 ரூபாய். நனைந்த பாவுக்கும் நூலுக்கும் 3,500 ரூபாய். வேலையற்ற 25 நாளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் 7,500 ரூபாய். ஆக 15,000 ரூபாய். நாற்பது தறிக்கு 6,00,000 ரூபாய். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எனில் ஆண்டொன்றுக்குச் சராசரி நட்டம் 1,20,000 ரூபாய்.

இச்சங்கம் தறிக்கூடத்தின் தளத்தை இரண்டடி உயர்த்தி, வடிகாலைத் தூர்வாரி, நூல் சிட்டங்கள் வைக்க உயரமான பரண் அமைக்க 2,40,000 ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். அதனால் ஒரு வெள்ளத்தின் நட்டம் மூன்றிலொரு பங்காக, அதாவது 2,00,000 ரூபாயாகக் குறைந்தால், ஆண்டுச் சராசரி 40,000 ரூபாய். மிச்சம் ஆண்டுக்கு 80,000 ரூபாய். மூன்றாண்டுகளில் போட்ட முதல் திரும்புகிறது. அதன்பின் வருவதெல்லாம் இலாபமே. இவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்கள். ஒவ்வொரு சங்கமும் தன்னுடைய எண்களை இட்டுக் கணக்கிட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது சராசரியே. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வெள்ளம் வரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

சங்கங்களைப் பார்வையிடும் பணியில் நாம் அடிக்கடி காண்பது ஒன்று. வெள்ளம் வந்த ஆண்டிற்குப் பிறகு பேரேட்டில் 'தவணை தவறிய கடன்' என்ற தலைப்பின்கீழ்ப் பெயர்கள் கூடுகின்றன. அத்தலைப்பைப் பார்ப்பவர் அங்கத்தினரின் நாணயத்தைச் சந்தேகிப்பர். உண்மையில் அது வெள்ளத்தின் கணக்கு. அங்கத்தினரின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. எழுதும் தலைப்பு தவறானால் செய்யும் பரிகாரமும் தவறாகிவிடும். வடிகால் வெட்ட வேண்டிய இடத்தில் நாம் நோட்டீசு அனுப்பிக்கொண்டிருப்போம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் ஆபத்துப் பதிவேடு ஒன்றைத் தொடங்குதல் வேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரின் வீடு, தறி, நிலம், கால்நடை எங்கே உள்ளன. முந்திய வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயரம் நின்றது. மேட்டு மண் எங்கே அரிக்கிறது. ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது என்பனவற்றை அதில் எழுதவேண்டும். ஊரிலுள்ள முதியவர்களின் நினைவு இதற்குச் சிறந்த ஆவணம். அவர்கள் மறையுமுன் அதனை எழுதிக்கொள்ளுதல் அவசரம்.

இரண்டாவதாக, சங்க அலுவலகத்தில் மழைமானி ஒன்று வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து, வெளிப்பலகையில் எழுதலாம். இதற்கு ஆகும் செலவு சொற்பம். அளவு கண்முன் நின்றால் எச்சரிக்கை தானே பிறக்கும்.

மூன்றாவதாக, மகாசபையில் தீர்மானித்து, சட்டத்திற்கும் துணைவிதிகளுக்கும் உட்பட்டு, இடர்காப்பு நிதியொன்றைத் தனியே ஒதுக்குவது நலம். அந்நிதியை நிவாரணத்திற்கு மட்டுமின்றி, வடிகால், தளம் உயர்த்தல் போன்ற முன்காப்பு வேலைகளுக்கும் பயன்படுத்த இடமிருத்தல் வேண்டும்.

நான்காவதாக, கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது நிலத்தின் ஆபத்தையும் பார்த்தல் நன்று. இதனைச் சாக்காக்கித் தாழ்ந்த நிலத்தாருக்குக் கடன் மறுப்பது நமது கருத்தன்று. அவ்வாறு மறுத்தால் முன்பே கூறிய அநீதியை நாமே செய்தவர்களாவோம். ஆபத்து மிகுந்தவருக்குக் காப்பீட்டையும் முன்காப்பு வேலையையும் கடனோடு சேர்த்து வழங்குவதே முறை.

ஐந்தாவதாக, நமது விவசாயிகள் கையிலுள்ள ஒரு பொருளைக் குறிப்பிட விரும்புகிறோம். நொச்சிக்காட்டிலும் அதைச் சூழ்ந்த கடற்கரை மணலிலும் வெட்டிவேர் பயிராவதை யாவரும் அறிவர். நறுமணத்துக்காகவும் எண்ணெய்க்காகவும் அதன் வேரைத் தோண்டி விற்கிறோம். அவ்வேர் மூன்று மீட்டர் ஆழம்வரை செங்குத்தாக இறங்கி மண்ணைப் பிணிக்க வல்லது. சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்டால், மேலிருந்து வரும் நீரின் வேகத்தைத் தடுத்து மண்ணைத் தேக்கி நிறுத்துகிறது. இக்காரணத்தால் பல நாடுகளில் சாலைச்சரிவுகளிலும் ஆற்றுக்கரைகளிலும் அதனை நடுகின்றனர். ஆழத்திலிருந்து பெயரும் பெருஞ்சரிவை அது தடுக்காது. மேல்மண் அரிப்பையும் சிறு சரிவையும் தடுக்கும். நமது செம்மண் மேட்டின் ஓடைக்கரைகளில் இதனை நட்டு, தோண்டாமல் விட்டுவைத்தால் நமது மண் நிற்கும். நாற்றுக்கட்டுகளை மலை மாவட்டங்களுக்கு அனுப்பும் வாய்ப்பையும் விவசாயச் சங்கங்கள் ஆராயலாம். மலை காக்கும் புல் கடற்கரையிலிருந்து போகட்டுமே!

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அணைபோடப் பணம் வேண்டும். பணம் ஒதுக்கக் கணக்கு வேண்டும். கணக்கெழுத மனம் வேண்டும். முதல் இரண்டும் நமது சங்கங்களில் ஓரளவேனும் உள்ளன. வருகின்ற வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் கூடும் மகாசபையில், ஐந்தொகை படிக்கப்பட்டவுடன் எவரேனும் ஓர் அங்கத்தினர் எழுந்து, "நமது ஆபத்துக் கணக்கு எங்கே?" என்று கேட்பாராக. அக்கேள்விக்கு நிர்வாகக் குழுவினர் ஏட்டைத் திறந்து விடை கூறும் நாளில், மழை எவ்வளவு பெய்தாலும், அதன் சுமை ஒருவர் தலையில் மட்டும் இறங்காது.